ரத்தமா, வளர்ப்பா? ஒரு கேள்வியின் நூறு ஆண்டுக் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாகப் பார்க்கிறவர்கள் இரவு சாப்பாடு முடிந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என்னுடைய பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். 1989ல் பத்தாம் வகுப்பு முடித்தவர். அவருடைய அக்கா மகளுக்கு வரன் அமைந்து, பூ வைக்க நாளும் குறித்தாயிற்று. மூன்று நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து "வேண்டாம்" என்று ஒற்றை வரியில் செய்தி வந்திருக்கிறது. பெண்ணின் இன்னொரு மாமா பல வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். அது அவர்கள் காதுக்குப் போய்விட்டது.

"சார், இது உண்மையிலேயே ரத்தத்தில் வருமா? அம்மா ஒரு பக்கம் அழுதுகொண்டே இருக்கிறாள். நான் அவனை வளர்த்த லட்சணம்தான் இப்படி ஆகிவிட்டது, இப்போது பேத்தி வாழ்க்கையும் போச்சு என்கிறாள். நான் யாருக்கு என்ன பதில் சொல்வது?"

பெயர் எதுவும் சொல்லாமல் எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமாக எழுதுங்கள் சார், நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்றார்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்து மூன்று வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும், அதாவது "ரத்தமா?" என்பதற்கும் "வளர்ப்பா?" என்பதற்கும், ஒரு சரித்திரம் இருக்கிறது. அது சாதாரண சரித்திரம் இல்லை. அந்தக் கேள்விகளுக்கு அவசரப்பட்டுச் சொன்ன பதில்களால் லட்சக்கணக்கானவர்கள் அழிந்திருக்கிறார்கள். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மன் மருத்துவர் மனநோய்களை வகை பிரித்தார். இளவயதில் தொடங்கி, சிந்தனையும் பேச்சும் குலைந்துபோகிற ஒரு நோயைத் தனியாக எடுத்துக் காட்டினார். அதற்கு 1908ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் வைத்த பெயர்தான் ஸ்கிசோஃப்ரீனியா. நாம் மனச்சிதைவு என்கிறோம். ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது.

கிரேப்பலினிடம் பயின்றவர் எர்ன்ஸ்ட் ரூடின். இந்த நோய் குடும்பத்தில் எப்படி இறங்குகிறது என்று கணக்கெடுத்து 1916ல் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளிகளின் கூடப் பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு அதே நோய் என்று எண்ணினார். மெண்டலின் பட்டாணிச் செடி உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கணக்குப்படி ஒற்றை மரபுக் காரணி ஒளிந்திருந்து இறங்கினால் நாலில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 25 வரவேண்டும். ரூடினுக்குக் கிடைத்ததோ, பெற்றோர் இருவரும் நலமாக இருந்த குடும்பங்களில் நூற்றுக்கு 5க்கும் கீழே.

மரபுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது நேர்கோடாக இறங்கவில்லை. அவருடைய சொந்தக் கணக்கே அப்படித்தான் சொன்னது. கணக்கைப் பார்த்து மனிதர் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

1933 ஜூலை 14ல் ஹிட்லர் அரசு ஒரு சட்டம் போட்டது. பரம்பரை நோயுள்ள சந்ததி பிறப்பதைத் தடுக்கும் சட்டம். மனச்சிதைவு, இருதுருவ மனநோய், வலிப்பு, பிறவிக் குருடு, பிறவிச் செவிடு என்று ஒரு பட்டியல். பட்டியலில் இருப்பவருக்குச் சம்மதம் இல்லாவிட்டாலும் கருத்தடை அறுவை செய்யலாம். ஒரு நீதிபதியும் இரண்டு மருத்துவர்களும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல "மரபுநல நீதிமன்றம்" என்று தனி மன்றமே வைத்தார்கள். அந்தச் சட்டத்துக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதிய மூவரில் ஒருவர் ரூடின். ஏறக்குறைய 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை நடந்தது.

ஜெர்மானியர் மட்டுமே கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை முதலில் போட்டது அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், 1907லேயே.

ஜெர்மனி அதற்கு அடுத்த படியையும் தாண்டியது. 1939 செப்டம்பர் 1 என்று தேதியிட்ட ஒரு கடிதத்தில், குணப்படுத்த முடியாத நோயாளிகளுக்குக் "கருணை மரணம்" கொடுக்க ஹிட்லர் அனுமதி தந்தார். பெர்லினில் டியர்கார்ட்டன் தெரு 4ஆம் எண் கட்டடத்திலிருந்து வேலை நடந்ததால் அதற்கு டி4 என்று பெயர். மனநோய் விடுதிகளிலிருந்து நோயாளிகளைப் பேருந்துகளில் ஏற்றி ஆறு இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நச்சுவாயு அறைகள் இருந்தன. வீட்டுக்கு ஒரு பொய்ச் சான்றிதழ் போகும். குடல்வாலை எப்போதோ அறுத்து எடுத்துவிட்ட ஒருவர், குடல்வால் அழற்சியால் இறந்தார் என்று சான்றிதழ் வந்து குடும்பத்தார் திகைத்த கதையும் உண்டு.

1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்டு வரை அவர்களே எழுதிவைத்த கணக்கு 70,273 பேர். பிஷப் ஃபான் காலன் கோவில் மேடையிலிருந்து வெளிப்படையாகக் கண்டித்த பிறகு அந்தத் திட்டத்தை நிறுத்தியதாக அறிவித்தார்கள். உண்மையில் பட்டினி போட்டும் மருந்து கொடுத்தும் கொல்வது போர் முடியும்வரை நடந்தது. யூதர்களைக் கொன்ற முகாம்களுக்கு ஆட்களும் முறையும் இங்கிருந்துதான் போயின.

வகுப்பில் இரண்டாம் உலகப் போர் நடத்தும்போது இதை நான் உங்களுக்குச் சொன்னதில்லை. பாடநூலில் இல்லை. எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் முழுதாகத் தெரிந்தது.

ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள். இவ்வளவு பேரை அழித்தும், பிள்ளை பெறவிடாமல் தடுத்தும், அடுத்த தலைமுறையில் அந்த நோய் ஒழிந்ததா? இல்லை. 1965ல் மான்ஹைம் நகரில் எண்ணிப் பார்த்தபோது புதிதாக நோய் கண்டவர்களின் விகிதம் மற்ற நாடுகளைவிடக் குறைவாக இல்லை. "எல்லாம் ரத்தம்" என்பது உண்மையாக இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்க முடியாது.

இது முதல் தவறான பதில்.

போருக்குப் பிறகு "மரபு" என்ற சொல்லையே எடுக்கக் கூச்சப்பட்டார்கள். நியாயம்தான். ஆனால் தராசு மறுபக்கம் ஒரேயடியாகச் சாய்ந்தது. ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மான் ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண் மருத்துவர். ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போனவர். பூட்டிவைக்கப்பட்ட நோயாளிகளோடு மணிக்கணக்கில் பொறுமையாகப் பேசி அவர்களை மனிதராக மதித்த நல்ல மருத்துவர். அவர் 1948ல் எழுதிய கட்டுரை ஒன்றில் "மனச்சிதைவை உண்டாக்கும் தாய்" என்றொரு சொல் வந்தது. பிள்ளையை அன்பில்லாமல் அடக்கி வளர்க்கிற தாயே நோய்க்குக் காரணம் என்பது அதன் பொருள்.

அந்தச் சொல் தீயாகப் பரவியது. அடுத்த கால் நூற்றாண்டு அமெரிக்காவில் மகனை மருத்துவமனைக்கு அழைத்துப்போன தாய்க்குக் கிடைத்த முதல் வரவேற்பு சந்தேகப் பார்வைதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மாருக்கும் இதே கதி. "குளிர்பெட்டித் தாய்" என்று அவர்களுக்குப் பட்டம் கட்டினார்கள். தாய்மாரைக் கூண்டில் ஏற்றியதற்கு எந்தக் கணக்கெடுப்பும் ஆதாரம் இல்லை. நோயுள்ள பிள்ளையின் தாய் பதற்றமாக இருக்கிறாள் என்றால், பதற்றத்தால் நோய் வந்ததா, நோயால் பதற்றம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். உறவுகள் பலருக்குத் தெரிந்ததுதான். பெரியம்மா மகன், என் அண்ணன், கல்லூரி இரண்டாம் வருடத்தில் நோயில் விழுந்தான். ஊர், அது பெரியப்பா வழி ரத்தம் என்றது. கிரகணத்தன்று பெரியம்மா வெளியே வந்ததால் என்றது. கடைசியில் நகரத்தில் ஒரு டாக்டரிடம் போனால் அவரும் முதல் கேள்வியாக, "பையனை ரொம்பக் கண்டிப்பீங்களோ?" என்று கேட்டார். ஊர் சொன்னதையெல்லாம் தாங்கிக்கொண்ட பெரியம்மா, படித்தவர் கேட்ட அந்த ஒரு கேள்வியைத் தாங்கவில்லை. பிறகு இருபது வருடம் இருந்தாள். சிறு வயதில் அவனை எதற்கெல்லாம் அடித்தேன் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள்.

இது இரண்டாம் தவறான பதில்.

சரி, உண்மையை எப்படித்தான் கண்டுபிடிப்பது? தாய் ரத்தத்தையும் தருகிறாள், வளர்க்கவும் செய்கிறாள். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

வழி தத்துப் பிள்ளைகளிடம் இருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் லெனார்ட் ஹெஸ்டன் என்ற இளம் மருத்துவர், மனநோய் மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டினார். 1915 முதல் 1945 வரை, மனச்சிதைவு நோயுள்ள தாய்மாருக்கு அங்கே பிறந்து மூன்று நாளுக்குள் பிரிக்கப்பட்ட குழந்தைகளைத் தேடினார். 47 பேர் கிடைத்தார்கள். அவர்கள் நோயுள்ள தாயின் கையில் வளரவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, அதேபோலப் பிரிக்கப்பட்ட, ஆனால் தாய்க்கு நோயில்லாத 50 பேரை எடுத்தார். எல்லோரும் பெரியவர்களான பிறகு 1966ல் முடிவு வெளியானது. 50 பேரில் ஒருவருக்கும் மனச்சிதைவு இல்லை. 47 பேரில் 5 பேருக்கு இருந்தது.

தாயின் வளர்ப்பு இல்லாமலே நோய் வந்திருக்கிறது. ஆக, வளர்ப்பு மட்டும்தான் காரணம் என்பது அன்றோடு உடைந்தது.

ஆனால் கணக்கின் மறுபாதியையும் பாருங்கள். 47ல் 42 பேருக்கு அந்த நோய் வரவில்லை. சிலருக்கு வேறு மனத்தொல்லைகள் இருந்தன. ஏறக்குறைய பாதிப் பேர் நன்றாக வாழ்ந்தார்கள். அப்படி வாழ்ந்தவர்களில் பலர் மற்ற குழுவினரைவிடக் கலகலப்பானவர்களாக, கற்பனை வேண்டிய தொழில்களில் இருந்ததை ஹெஸ்டன் குறித்து வைத்திருக்கிறார். ஜெர்மன் சட்டத்தின்படி அவர்கள் பிறந்தே இருக்கக்கூடாதவர்கள்.

அடுத்த இரண்டு வருடத்தில் டென்மார்க்கிலிருந்தும் பதில் வந்தது. அந்த நாட்டில் தத்துக் கொடுத்ததற்கு ஒழுங்கான பதிவேடு உண்டு. சீமோர் கெட்டி, டேவிட் ரோசந்தால், பால் வெண்டர் ஆகிய அமெரிக்கர்கள் டேனிஷ் மருத்துவர்களோடு சேர்ந்து கோபன்ஹேகனில் 1924 முதல் 1947 வரை தத்துப் போன ஏறக்குறைய 5,500 பேரின் பதிவுகளை எடுத்தார்கள். நோய் கண்டவர்களின் உறவினர்களை ஆராய்ந்தால், நோய் கூடுதலாக இருந்தது பெற்ற குடும்பத்தில். வளர்த்த குடும்பத்தில் இல்லை.

அப்படியானால் திரும்பவும் ரத்தத்துக்கே வந்துவிட்டோமா? இதற்கு ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் பதில் சொன்னார்கள். மரபணு ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்று. மரபே எல்லாம் என்றால் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் நூற்றுக்கு நூறு வரவேண்டும். பழைய ஆய்வுகளில் நூற்றுக்கு 40, 50 என்றுதான் வந்தது. 2018ல் டென்மார்க்கில் வெளியான பெரிய ஆய்வில் 33. பாதிக்கு மேற்பட்ட இரட்டையர்களில், ஒருவருக்கு நோய் வந்தும் அதே ரத்தமுள்ள மற்றவர் தப்பிவிடுகிறார்.

மீதிக்குக் காரணம் என்ன? அதில் ஒரு பகுதியைச் சொன்னது ஒரு பஞ்சம். சரித்திர வாத்தியாருக்கு மிக நெருக்கமான இடம் இது.

1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ரயில்வே ஊழியர்கள் ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக ஜெர்மானியர் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பங்கீட்டு உணவு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கி, கடைசி மாதங்களில் அதிலும் பாதியானது. மக்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள். 20,000 பேர் வரை இறந்தார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் உணவும் வந்தது.

தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். நம் பஞ்சங்களுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இது தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் துல்லியமாகத் தெரியும். பிறந்தவர்கள் பதிவும், பதினெட்டு வயதில் ராணுவச் சோதனைப் பதிவும், மருத்துவமனைப் பதிவும் ஒழுங்காக இருந்தன. நிறவெறிக் கொள்கையை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறிய ஸீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் தம்பதியர் முதலில் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவர்கள் மகன் எஸ்ரா சஸ்ஸர், டச்சு மருத்துவர் ஹான்ஸ் ஹூக்கோடு சேர்ந்து 1990களில் தொடர்ந்தார். பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவில் உருவானவர்களுக்கு மனச்சிதைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருந்தது.

சீனாவிலும் பார்த்தார்கள். 1959 முதல் 1961 வரை அங்கே பெரும் பஞ்சம். ஆன்ஹுய் மாகாணத்தின் ஊஹு பகுதியில், 1959ல் பிறந்தவர்களில் 0.84 சதவீதம் பேருக்கு நோய். 1960ல் பிறந்தவர்களில் 2.15 சதவீதம். இரு வேறு நாடு, இரு வேறு இனம், ஆனால் ஒரே இரண்டு மடங்கு.

கருவில் பட்ட பசிக்குப் பிறகு இளவயதில் படுகிறவை வருகின்றன. ஸ்வீடனில் ராணுவத்துக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து கவனித்து, 1987ல் முடிவை வெளியிட்டார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்ததாகச் சொன்னவர்களுக்கு, தொடாதவர்களைப்போல ஆறு மடங்கு நோய். வீட்டில் காலேஜ் போகும் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

கடைசியாக ஃபின்லாந்து. பெக்கா டியனாரி என்ற மருத்துவர், மருத்துவமனையில் இருந்த சுமார் 20,000 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, மனச்சிதைவு நோயுள்ள தாய்மார் தத்துக் கொடுத்த பிள்ளைகளைத் தேடினார். வளர்த்த வீடுகளுக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். ஓயாத சண்டையும் குத்தலும் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களில், நோயுள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளைகளுக்குத் தொல்லை அதிகம் வந்தது. அதே தாய்மாரின் பிள்ளைகள் அமைதியான வீட்டில் வளர்ந்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நோயில்லாத தாய்க்குப் பிறந்தவர்களை அதே சண்டை வீடு அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

இரண்டும் சேர்ந்தால்தான் பாரம். மரபணு ஆராய்ச்சியும் இன்று அதையே சொல்கிறது. 2014ல் மனச்சிதைவோடு தொடர்புள்ள 108 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டார்கள். 2022ல் அது 287 ஆனது. ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறியது. அவற்றில் பல நம் எல்லோரிடமும் இருப்பவை. உங்களிடமும் என்னிடமும் சில இருக்கும். வரன் வேண்டாம் என்ற மாப்பிள்ளை வீட்டிலும் இருக்கும்.

வள்ளுவர் சொன்ன மயில்தோகை வண்டி நினைவிருக்கிறதா? அச்சு முறிந்த பிறகு வண்டியில் கிடக்கும் தோகைகளில் ஒன்றை எடுத்து, இதுதான் முறித்தது என்று சொல்ல முடியுமா? தாயை, தகப்பன் வழியை, ஒரு அடியை, ஒரு கிரகணத்தைக் காட்டி இதுதான் என்பதும் அப்படித்தான்.

இனி என் மாணவருக்குச் சொன்ன பதில்.

தம்பி, மரபுக்குப் பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டாம். பொதுவாக நூற்றுக்கு ஒருவருக்கு வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வரலாம். தாய்மாமனுக்கு இருந்தால் மருமகளுக்கு அது நூற்றுக்கு இரண்டு முதல் நாலு. அதாவது நூற்றில் தொண்ணூற்றாறு பெண்களுக்கு வராது. நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நோய் இருந்ததே இல்லை. ஆகையால் "எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்தும் வீட்டுக்கும் உத்தரவாதம் எதுவும் இல்லை.

அடுத்த வரன் வரும்போது மறைக்காதே. முதல் பேச்சிலேயே சொல்லிவிடு. "மாமா மருந்து சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார்" என்று சர்க்கரை வியாதியைச் சொல்வதுபோலச் சொல். கேட்டுப் போகிறவர்கள் போகட்டும்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. பிறந்த மூன்றாம் நாள் தாயைப் பிரிந்த பிள்ளைகளுக்கும் இந்த நோய் வந்தது என்று சொல். தாய்மாரைக் குற்றம் சொன்ன அமெரிக்காவிலேயே, மேடிசன் நகரில் நோயுள்ள மகன்களைப் பெற்ற இரண்டு தாய்மார் ஒரு சிற்றுண்டியின்போது உட்கார்ந்து பேசித் தொடங்கிய சங்கம், இன்று அந்த நாடு முழுக்கக் கிளை பரப்பி நிற்கிறது என்று சொல்.

உன் சகோதரரிடம் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல். அவரால் வரன் போயிற்று என்ற பேச்சு அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள். ஃபின்லாந்து வீடுகளின் பாடம் அதுதான்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று ஒதுங்கினால், தூங்காவிட்டால், தனக்குத்தானே பேசினால், யார் குற்றம் என்று தேடுவதற்கு முன்னால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

என் அண்ணன் இன்று எழுபதைத் தாண்டிவிட்டான். மாத்திரை சாப்பிடுகிறான், பேப்பர் படிக்கிறான், என் எழுத்தில் பிழை கண்டுபிடிக்கிறான். இந்தப் பதிவையும் போடுவதற்கு முன்னால் அவனிடம் காட்டினேன். படித்து முடித்து ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா இருக்கும்போதே எழுதியிருக்கலாமேடா" என்றான்.

எழுதியிருக்கலாம். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. இன்றைக்கு உங்களில் யார் வீட்டிலாவது ஒரு பெரியம்மா எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து போய்ச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்